தொடாமல் விட்ட வெந்நீர்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஆக்லாந்திலிருந்து சாலை வழியே மூன்று மணி நேரத்தில் ரோட்டோருவா வந்துவிடும். ஊர் கண்ணில் படும் முன்பே அழுகிய முட்டை நெடி மூக்கை எட்டும்; நிலத்தடியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்பைடு அது. சாலையோர வடிகால்களிலிருந்து ஆவி கிளம்பும். நகரின் நடுவே உள்ள குயிராவ் பூங்காவில், வேலி போட்ட குட்டைகளுக்குள் சேறு களக் களக்கென்று கொதிக்கும். பக்கத்திலேயே மக்கள் இளஞ்சூட்டு நீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள்; கட்டணம் எதுவும் கிடையாது. சுற்றுலாக் கையேடுகள் இதையெல்லாம் இயற்கையின் கொடை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மைதான். அங்கே இன்று பார்க்கக் கிடைப்பது அந்தக் கொடையில் மிஞ்சியது மட்டும். அந்த மிச்சமும் தானாகத் தங்கிவிடவில்லை. சில இடங்களில் வீட்டுக்காரர்கள் தங்கள் முற்றத்து வெந்நீரை இழந்தார்கள், சில இடங்களில் அரசு மின்சாரம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தது, இன்னும் சில இடங்களில் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஏரிக்குள் யாரையும் இறங்க விடவில்லை. அதனால் தங்கியது. அந்த வட்டாரத்தில் எதைப் பார்ப்பது, நேரத்தையும் பணத்தையும் எதில் செலவழிப்பது என்று முடிவு செய்ய விரும்புகிறவர் இந்த வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் நிலத்தின் கதை. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே வெடித்த ஓர் எரிமலை, தன் அடியிலிருந்த பாறைக்குழம்பைக் கொட்டித் தீர்த்ததும் மேல்நிலம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்ததுதான் ரோட்டோருவா ஏரி. பரப்பு சுமார் 80 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ 11 மீட்டரளவுதான். நடுவில் மொகோயா தீவு. சுற்றிலும் ரோட்டோயிட்டி, தாராவேரா, திக்கித்தாப்பு, ரோட்டோமஹானா என்று எரிமலைகள் உண்டாக்கிய ஏரிகள் பல. நிலத்தடியில் இன்னும் சூடு ஆறவில்லை. மழைநீர் ஆழத்துக்கு இறங்கிக் கொதித்து, பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வழியில் அந்தச் சிலிக்கா படிந்து, ஒடுங்கிய குழாய் போன்ற ஒரு பாதை அமைந்துவிட்டால் அங்கே கெய்சர் பிறக்கிறது. குழாயின் அடியிலுள்ள நீர், மேலிருந்து அழுத்தும் நீரின் பாரத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். மேலே கொஞ்சம் வழிந்து பாரம் குறைந்ததும் மொத்தமும் ஒரே நொடியில் ஆவியாகிப் பீறிடும். ஆக, கெய்சருக்குச் சூடு மட்டும் போதாது. நிலத்தடி நீரின் அழுத்தமும் வேண்டும். அந்த அழுத்தம் சற்றே இறங்கினாலும் போதும், சூடு அப்படியே இருக்கும், கெய்சர் நின்றுபோகும். உலகில் கெய்சர்கள் கூட்டமாக உள்ள இடங்கள் மிகச் சிலவே இருப்பதற்கு இந்த நுட்பமான கணக்கே காரணம்.

இந்த வட்டாரம் உலகப் புகழ் பெற்றது ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இருந்த இரண்டு சிலிக்காப் படிக்கட்டுகளால். ஒன்று வெள்ளை, மற்றொன்று இளஞ்சிவப்பு. மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் நீல நிற வெந்நீர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் மாதக்கணக்கில் கப்பலில் வந்து இவற்றைப் பார்த்தார்கள். தெ வைரோவா என்ற ஊரில் தங்கி, துஹூராங்கி என்ற மாவோரி இனக்குழுவினரின் படகில் ஏறி, சோஃபியா ஹினெராங்கி போன்ற மாவோரி வழிகாட்டிகளோடு போய்ப் படித்தொட்டிகளில் குளித்தார்கள். பலர் பாறையில் தங்கள் பெயரை எழுதிவைத்தார்கள். மேலே படிந்த சிலிக்கா அந்த எழுத்தைக் கண்ணாடி போட்டதுபோல் மூடிக் காத்தது. 1886 ஜூன் 10 அதிகாலையில் தாராவேரா மலை பிளந்தது. 17 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் வெடித்துச் சிதற, சுமார் 120 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாவோரிகள். படிக்கட்டுகள் போயின. தெ வைரோவா சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. தோண்டியெடுத்த அதன் பகுதிகளை இன்றும் போய்ப் பார்க்கலாம். சோஃபியாவின் வீட்டுக்குள் ஒதுங்கியவர்கள் உயிர் பிழைத்த கதையையும் அங்கே சொல்வார்கள். இயற்கை தந்ததை இயற்கையே எடுத்துக்கொண்ட இழப்பு இது. யாரும் தடுத்திருக்க முடியாது.

அடுத்து வந்த இழப்புகளை அப்படிச் சொல்ல முடியாது. ரோட்டோருவாவிலிருந்து தெற்கே டாவ்ப்போ ஏரிக்குப் போகும் வழியில் வைராக்கெய் என்ற இடத்தில் கெய்சர் பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. நாட்டின் தலைசிறந்த கெய்சர் தொகுதிகளில் அதுவும் ஒன்று. 1958இல் அங்கே புவிவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இத்தாலியின் லார்தெரெல்லோவுக்குப் பிறகு உலகில் இவ்வளவு பெரிய அளவில் அமைந்த முதல் நிலையம். ஆழ்துளைகள் வழியே வெந்நீரை எடுக்க எடுக்க நிலத்தடி அழுத்தம் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் பள்ளத்தாக்கின் கெய்சர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. 1961இல் வைக்காட்டோ ஆற்றின் குறுக்கே ஓஹாக்குரி அணை நிரம்பியபோது ஒராக்கெய் கொராக்கோவின் கெய்சர்களிலும் வெந்நீர் ஊற்றுகளிலும் பெரும்பகுதி நீருக்குள் போனது. மிஞ்சியதைப் பார்க்க இன்று அணை நீரைப் படகில் கடந்து போகிறார்கள். அந்த மிச்சமே பயணிகளை வாய்பிளக்க வைக்கிறது என்றால் மூழ்கிப்போனது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வைராக்கெய் பற்றி மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கெய்சர்கள் நின்ற அதே காலத்தில் சற்றுத் தள்ளியுள்ள கராப்பிட்டியில் ஆவி பெருகியது. நீர்மட்டம் இறங்கியதால் உண்டான ஆவி அது. இன்று ‘நிலாப் பள்ளங்கள்’ என்ற பெயரில் பயணிகள் அங்கே நடைபோகிறார்கள். நல்ல நடைதான். ஆனால் புகையும் தரிசு நிலம் ஒரு கெய்சர் பள்ளத்தாக்குக்கு ஈடாகாது.

ரோட்டோருவா நகரமும் இதே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. நியூசிலாந்து அரசு 1901இல் சுற்றுலாவுக்கென்றே தனித் துறை தொடங்கியது. எந்த நாட்டு அரசும் அதற்கு முன் செய்யாத காரியம். 1908இல் ஏரிக்கரையில் மாளிகை போன்ற குளியல் இல்லம் ஒன்றைக் கட்டித் திறந்தது. நோய் தீர்க்கும் நீர் என்று ஊரையே விற்றார்கள். பிறகு 1950களில் மின் தட்டுப்பாடு வந்தபோது வீட்டுக்கு வீடு போர் போட்டு வெந்நீர் எடுப்பது பெருகியது. விடுதிகள், பள்ளிகள், அலுவலகங்கள், நீச்சல் குளங்கள் எல்லாம் நிலத்தடிச் சூட்டில் ஓடின. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் துளைகள் மேலும் பெருகின. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதால் இரவும் பகலும் குழாய் திறந்தே கிடந்தது. பயன்பட்டதைவிடச் சாக்கடையில் போனது அதிகம். போர்வெல் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை: பக்கத்துத் தோட்டத்துக்காரர் நூறு அடி ஆழப்படுத்தினால் நம் கிணறு வற்றுகிற அதே கதை, வெந்நீரில் நடந்தது. நகரின் தெற்கு ஓரத்தில், ஃபகாரேவரேவாவில் உள்ள கெய்சர்கள் தளர்ந்தன. பாப்பாக்குரா என்ற கெய்சர் 1979இல் நின்றேபோனது. பெரிய கெய்சரான போஹுத்துவும் அடுத்து நின்றுவிடுமோ என்ற அச்சம் பரவியது.

1986இல் அரசு ஆணை பிறப்பித்தது. போஹுத்துவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் உள்ள வெந்நீர்த் துளைகள் அனைத்தையும் மூடவேண்டும். நகரில் அரசுத் துறைகளுக்குச் சொந்தமான துளைகளையும் மூடவேண்டும். மற்றவர்கள் எடுக்கும் நீருக்குப் பணம் கட்டவேண்டும். வட்டத்துக்குள் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளில் சிமெண்ட் கலவை இறங்கியது. ஊரில் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் நிலத்தடி வெந்நீர் மட்டம் ஏறத் தொடங்கியது. நகரின் பல பகுதிகளில் அடங்கிக் கிடந்த ஊற்றுகள் மறுபடி வழிந்தன. போஹுத்து தெம்பு பெற்றது. இப்போது ஒரு நாளில் பல முறை, 30 மீட்டர் உயரம் வரை எழுகிறது. பாப்பாக்குரா மட்டும் பிடிவாதமாகக் கிடந்தது. அதுவும் 36 ஆண்டுகள் கழித்து 2015இல் பீறிட்டது. மனிதர் கெடுத்த கெய்சர் தொகுதி ஒன்று, கெடுத்த கை விலகியதும் தேறி வந்ததற்கு உலகில் வேறு உதாரணம் அரிது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. போஹுத்துவின் முன்னால் நிற்கிறவர் பார்ப்பது எரிமலையின் ஆற்றலை மட்டுமா? நகரத்து வீடுகளில் அடைக்கப்பட்ட குழாய்களின் பலனையும் சேர்த்தே பார்க்கிறார்.

இதற்கு எழும் ஆட்சேபங்கள் லேசானவை அல்ல. பயணிகள் வேடிக்கை பார்ப்பதற்காக ஏழை வீட்டின் கணப்பை அணைப்பது நியாயமா என்று அன்று கேட்டார்கள். ரோட்டோருவாவின் குளிர்காலம் உறைபனி விழும் குளிர்காலம். கேள்வியில் வலி இருக்கிறது. 1.5 கிலோமீட்டர் கோட்டுக்கு உள்ளே இருந்தவர் இழந்தார், வெளியே இருந்தவர் தப்பினார்; சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வெந்நீர் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. அதில் சமைத்தும் குளித்தும், அதைத் தலைமுறைகளாகக் காத்து வந்தவர்கள் ஃபகாரேவரேவாவின் மாவோரி மக்கள். யார் வேண்டுமானாலும் துளையிடலாம் என்ற நிலையில் முதலில் வற்றியது அவர்களுடைய ஊற்று. அதோடு, மூடியது நிரந்தரத் தடையாகவும் நிற்கவில்லை. வட்டத்துக்கு வெளியே, சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நீரைத் திரும்பவும் நிலத்துக்குள் செலுத்தும் முறைக்கு நகரம் படிப்படியாக மாறியது. வெந்நீரை அனுபவிப்பதை யாரும் நிறுத்தவில்லை, வீணாக்குவது நின்றது. இன்னொரு ஆட்சேபம் மின்சாரம் பற்றியது. நிலக்கரி எரிக்காமல் கிடைக்கும் மின்சாரத்தை விட்டு, நீர் பீறிடுவதைப் பார்க்க வேண்டுமா? நியூசிலாந்து இதற்குக் கண்ட விடை எனக்குச் சரியாகப் படுகிறது. வைக்காட்டோ வட்டாரத்தில் புவிவெப்பத் தொகுதிகளை வகைபிரித்து, மின்சாரம் எடுக்க இவை, தொடக்கூடாதவை இவை என்று வரையறுத்திருக்கிறார்கள். வைராக்கெய் இன்றும் மின்சாரம் தருகிறது; ஒராக்கெய் கொராக்கோவும் வை-ஓ-தாப்பு, வைமாங்கு பகுதியும் காக்கப்பட்டவை. மின்நிலையத்தை வேறொரு தொகுதியில் கட்டிக்கொள்ளலாம். நின்றுபோன கெய்சரை வேறிடத்தில் கட்ட முடியாது.

ஃபகாரேவரேவாவுக்கு இன்று இரண்டு வாசல்கள். ஒன்று தெ பூயா. போஹுத்து இருப்பது அதன் எல்லைக்குள். மாவோரி மரச் செதுக்கலும் நெசவும் கற்பிக்கும் தேசியக் கலைப்பள்ளியும் அங்கேதான் உள்ளது. 2020இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் அந்த நிறுவனத்தை அரசு உள்ளூர் மாவோரி மக்களிடமே ஒப்படைத்தது. மற்றொன்று வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமம். 1886இல் ஊரை இழந்த துஹூராங்கி மக்களுக்கு உறவினர்கள் இடம் கொடுக்க, அவர்கள் குடியேறிய இடம் இது. இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆவித்துளையின் மேல் பதித்த மரப்பெட்டியில் இறைச்சியையும் கிழங்கையும் வைத்து மூடிவிட்டுப் போனால், அடுப்பில்லாமல் வெந்திருக்கும். பாரெக்கோஹுரு என்ற கொதிகுளத்தில் வலைப்பையில் கட்டி இறக்கிய சோளக்கதிர் சில நிமிடங்களில் பதமாகிவிடும். நிலம் தோண்ட முடியாத அளவு சுடுவதால் கல்லறைகள் தரைக்கு மேலே கட்டப்பட்டிருக்கின்றன. வாழும் வீடுகளைக் காசு கொடுத்துப் பார்ப்பது மனிதரைக் காட்சிப்பொருள் ஆக்குவது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வந்தவர்களை யார் வழிநடத்துகிறார்கள், காசு யாரிடம் போகிறது, எது வரை உள்ளே விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தால் அந்தக் குறை நிற்காது. சோஃபியா காலம் தொட்டு வழிகாட்டும் தொழில் அந்த மக்கள் கையில்தான் இருக்கிறது. அந்தக் கிராமத்து வழிகாட்டிகளில் ஒருவரான மக்கெரெட்டி, தன் மக்களின் வாழ்வைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1938இல் அது வெளிவந்தது. காட்சிப்பொருளாக நிற்பவர் செய்கிற காரியமா இது?

தெற்கே அரை மணி நேரத் தொலைவில் வை-ஓ-தாப்பு. அங்குள்ள ‘ஷாம்பெயின் குளம்’ 65 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட அதே ஆழம், 74 டிகிரி சூடு. அடியிலிருந்து கரியமில வாயுக் குமிழ்கள் இடைவிடாமல் ஏறிவருகின்றன. பச்சை கலந்த நீர், ஆவி மூட்டத்தில் தெரிந்தும் மறைந்தும் கிடக்கும். விளிம்பைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. ஆர்சனிக், ஆன்டிமனி சேர்ந்த கந்தகச் சேர்மங்கள் படிந்து உண்டானது. குங்குமம் குழைத்துப் பூசிய கரை என்று நினைக்கத் தோன்றும் அந்த அழகில் பெரும்பங்கு நஞ்சு. அதே இடத்தில் லேடி நாக்ஸ் கெய்சர் தினமும் காலை 10.15க்குப் பீறிடுகிறது, சோப்புப் போடுவதால். நூறாண்டுக்கு முன் துணி துவைக்கப் போன கைதிகள் தற்செயலாகக் கண்டுபிடித்த வித்தை. சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்க, அடங்கியிருந்த நீர் பொங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு அறிவியல் காட்ட நல்ல வழி என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காகக் காலைப் பொழுதை முழுக்க நெருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அதே நேரத்தை வைமாங்குவுக்குக் கொடுக்கலாம். 1886 வெடிப்பில் பிறந்த பள்ளத்தாக்கு அது. பிறந்த நாள் துல்லியமாகத் தெரிந்த வெந்நீர்த் தொகுதி. 1900 முதல் 1904 வரை உலகிலேயே மிகப் பெரிய கெய்சர் அங்கேதான் எழுந்தது, 1903இல் நான்கு பேரைக் கொன்றது, பிறகு நின்றது. இன்று அங்குள்ள இன்ஃபெர்னோ பள்ளத்தில் வெளிர்நீல நீர் ஏறத்தாழ 38 நாள் சுற்றில் பல மீட்டர் ஏறி நிரம்பி வழிந்து மீண்டும் இறங்குகிறது. யாரும் சோப்புப் போடுவதில்லை. நிரம்பிய நாளில் போய்ச் சேர்ந்தால் யோகம். இறங்கிய நாளில் போனாலும் காட்டு வழியே கீழிறங்கும் நடை ரோட்டோமஹானா கரையில் முடியும். படகில் ஏறினால் ஆவி கக்கும் பாறைகளை அருகில் பார்க்கலாம்.

ஏரிகளிலும் இதே கணக்குதான். நகரிலிருந்து தாராவேரா போகும் சாலையில் இரண்டு ஏரிகள் அக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. இடையில் ஒரு மேட்டில் நின்றால் இரண்டும் தெரியும். நீல ஏரியான திக்கித்தாப்புவில் நீந்தலாம், படகு விடலாம். பச்சை ஏரியான ரோட்டோக்காக்காஹியில் கால் நனைக்கவும் அனுமதி இல்லை. அது அதன் மாவோரி உரிமையாளர்களுக்குப் புனிதமானது. பயணிக்கு இதில் ஏமாற்றம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று திறந்திருக்க ஒன்று மூடியிருப்பதால் அந்த மேட்டில் நிற்பதற்குப் பொருள் கூடுகிறது. பெரிய ஏரியான ரோட்டோருவாவில் அந்தக் கட்டுப்பாடு தாமதமாக வந்தது. 1991 வரை நகரின் கழிவுநீர் அதில் போனது. சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைகளின் நைட்ரஜன் நிலத்தடி நீர் வழியாகப் பல பத்தாண்டுகள் கழித்து இன்னும் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏரியில் கலக்கும் ஓடைகளில் படிகாரம் சேர்த்துப் பாசியை அடக்குகிறார்கள். 2006இல் சட்டமான உடன்பாட்டில் 13 ஏரிகளின் படுகைகள் தெ அராவா என்ற மாவோரி இனக்குழுவுக்குத் திரும்பக் கிடைத்தன. இந்த ஏரிகளில் பிரபலமான டிரௌட் மீனை உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடலாம். விற்கவோ வாங்கவோ நாட்டின் சட்டம் இடம் தருவதில்லை. சந்தைக்குப் போயிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

கடைசியாக, கேளிக்கைகள். இங்கோங்கொதஹா மலைச்சரிவில் கேபிள் காரில் ஏறி, சக்கர வண்டியில் உட்கார்ந்து வளைந்து இறங்கும் லூஜ் 1980களிலிருந்தே ஓடுகிறது. காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் உருண்டைக்குள் புகுந்து மலையிலிருந்து உருளும் விளையாட்டும் உண்டு. குழந்தைகளோடு வரும் குடும்பம் கல்லையும் ஆவியையும் எத்தனை நேரம் பார்க்கும் என்ற கேள்வி நியாயமானது. ஊருக்கு அதனால் வேலையும் வருமானமும் கிடைக்கின்றன என்பதும் உண்மை. நான் அவற்றை வேண்டாமென்று சொல்லவில்லை, வரிசையில் பின்னால் வைக்கச் சொல்கிறேன். அதே லூஜ் சிங்கப்பூரில் செந்தோசாத் தீவிலும் இருக்கிறது. நம்மவர்கள் பலர் அதில் ஏறியிருப்பார்கள். எங்கு வேண்டுமானாலும் எடுத்துப்போய் நிறுவக்கூடிய ஒன்றுக்காகத் தென்கோளம் வரை விமானச் சீட்டு எடுக்கத் தேவையில்லை. 1901இல் நட்ட கலிஃபோர்னியச் செம்மரங்களுக்கு இடையே, மரத்தில் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட பாலங்களில் நடப்பது கேளிக்கைகளில் எனக்குப் பிடித்தமானது. அங்கும் அந்த விலகி நிற்கும் குணம் தெரிகிறது.

ஆகவே இரண்டு நாள் மட்டும் கையில் உள்ளவருக்கு என் பரிந்துரை இது. முதல் நாளை முழுக்க ஃபகாரேவரேவாவுக்குக் கொடுங்கள். இரண்டு வாசல்களில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கிராமத்து வாசலைத் தேர்ந்தெடுங்கள், போஹுத்து எழுவது அங்குள்ள மேட்டிலிருந்தும் தெரியும். இரண்டாம் நாள் வைமாங்கு. மாலையில் நேரம் மிஞ்சினால் லூஜ். பாதை போட்ட இடத்தை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். மேல் ஓடு மெல்லியது, அடியில் இருப்பது கொதிநீர்.